கரை நகரும் ஊர்



சக்கரம் இல்லாமல் பானை வனைய இயலுமா என்று உங்களைக் கேட்டால், இயலாது என்றே பெரும்பாலோர் விடையிறுப்பீர்கள். குயவர் என்றதும் சுழலும் சக்கரமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. ஆயினும், நம் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரம்மபுத்திரா நதியின் கரையில், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் குயவர் ஊர் ஒன்றில் சக்கரம் அறவே இல்லை. அங்கே பெண்கள் வெறுங்கையாலும் சிறு மரக்கட்டையாலும் தட்டித் தட்டியே பானைகளுக்கு உருக்கொடுக்கின்றனர். அவ்வூரின் பெயர் சால்மரா. அஸ்ஸாம் மாநிலத்தில், மாஜுலி என்னும் ஆற்றுத் தீவின் தென்கிழக்குப் பகுதியில் அது அமைந்துள்ளது. அவ்வூரைப் பற்றியும் அதன் சுற்றுப்புறத்தைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விழைகிறேன்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். நாம் சால்மரா என்று எழுதினாலும் அவ்வூரார் அப்படி உச்சரிப்பதில்லை. வடமொழிச் சகரங்கள் அஸ்ஸாமிய நாவில், தொண்டையை ஒட்டிப் பிறக்கும் ஒருவகை மெல்லிய ககர ஒலியாக மாறிவிடுகின்றன. நம் காதுக்கு அது 'ஹால்மொரா' என்பதுபோலக் கேட்கும். இந்திய ஆரிய மொழிகளுள் கிழக்கே மிகத் தொலைவில் வழங்குவது அஸ்ஸாமியம். அதன் எழுத்து வங்க எழுத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், அதனை வங்காளத்தின் கிளைமொழி என்று தவறாக எண்ணியவர் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், 1836 முதல் 1873 வரை, அஸ்ஸாமின் நீதிமன்றங்களிலும் பள்ளிகளிலும் வங்கமொழியே கோலோச்சியது. தாய்மொழிக்கு அதன் இடத்தை மீட்டுத் தர அம்மக்கள் நெடுங்காலம் முயல வேண்டியிருந்தது. 2004-இல் தமிழுக்குக் கிடைத்த செம்மொழித் தகுதி 2024-இல் அஸ்ஸாமியத்துக்கும் வழங்கப்பட்டது. ஆதலின், அம்மொழி பேசும் சிற்றூர் ஒன்றை நாம் அறிந்துகொள்வது முறையே.

பணி ஓய்வு பெற்ற பின்னர், 2019-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் யான் அங்குச் சென்றேன். ஜோர்ஹாட் நகரிலிருந்து சற்றுத் தொலைவில் நிமாத்தி என்னும் படகுத்துறை உள்ளது. அங்கிருந்து பெரிய படகில் ஏறினால், மனிதரும் மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் ஆடுமாடும் ஒருங்கே செல்லலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். படகுத்துறை என்றவுடன் கல்லால் கட்டிய படிகளை எண்ணிவிடாதீர்கள். மணலில் மூங்கிலை நட்டு, மேலே பலகை பரப்பி, தற்காலிகமாகத் துறை அமைத்திருக்கிறார்கள். நீர்மட்டமும் கரையும் மாறமாறத் துறையும் இடம் மாறும். நிலையாக ஒன்றைக் கட்டினால் ஆறு அதனை நிலைக்க விடுமா? அத்தீவில் எதற்கும் இதுவே நியாயம் என்பதைப் பின்னர் உணர்ந்தேன்.

மாஜுலி எப்பொழுதும் தீவாக இருந்ததன்று. முற்காலத்தில் பிரம்மபுத்திரா இந்நிலத்துக்கு வடக்கே ஓடியது. தெற்கே திஹிங் என்னும் துணையாறு ஓடியது. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட நிலமே மாஜுலி. 17-ஆம் நூற்றாண்டில் நேர்ந்த நிலநடுக்கங்களாலும், 1750-ஆம் ஆண்டு வாக்கில் பெருகிய மாபெரும் வெள்ளத்தாலும், பேராறு தன் பழைய வழியை விட்டுத் தெற்கே பாய்ந்து திஹிங்கின் தடத்தைப் பற்றிக்கொண்டது என்பர். பழைய வழி சிற்றோடையாகச் சுருங்கி, இன்று கேர்குட்டியா சூத்தி என்ற பெயருடன் வடக்கே கிடக்கிறது. வடமேற்கே சுபன்சிரி ஆறு. இவ்வாறு நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலமாயிற்று அது. 2016-இல் அஸ்ஸாம் அரசு மாஜுலியைத் தனி மாவட்டமாக்கியது. நாட்டிலேயே மாவட்டமான முதல் ஆற்றுத் தீவு அதுவே.

இனிச் சால்மராவுக்குள் செல்வோம். ஊர் ஆற்றை ஒட்டி நீளவாக்கில் அமைந்திருக்கிறது. மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர்கள், தகரக் கூரைகள். வீட்டைச் சுற்றிப் பாக்குமரமும் வாழையும் மூங்கிற்புதரும் உண்டு. விருந்தினர் வந்தால் முதலில் பச்சைப் பாக்கும் வெற்றிலையும் வைத்து நீட்டுவது அஸ்ஸாமிய மரபு. அதனைத் 'தாமோல்' என்கிறார்கள். தாம்பூலம் என்ற சொல்லே அப்படித் திரிந்திருக்கிறது. பழக்கமில்லாதவர் அதனை மென்றால் தலை சுற்றும் என்பதை நேயர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்கு வீடு முற்றத்தில் பானைகள் காய்ந்துகொண்டிருக்கக் கண்டேன். இத்தொழிலில் ஆணும் பெண்ணும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறை கருதத்தக்கது. மண் தோண்டுவது, சுமப்பது, சூளை அடுக்குவது, படகோட்டி விற்பது ஆகியவை ஆடவர் பணி. மண் பிசைந்து வனைவது மகளிர் பணி. அதற்குரிய களிமண் வயலில் மேலாகக் கிடைப்பதன்று. ஆற்றங்கரையில் வண்டலையும் மணலையும் கடந்து, இரண்டு மூன்று ஆள் ஆழம் தோண்டிய பிறகே பிசுபிசுப்பான அந்த மண் அகப்படும். குழியின் பக்கத்தில் படிபடியாக வெட்டிக்கொண்டு, மண்கட்டிகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மேலேற்றுவார்கள். அதனுடன் மணல் கலந்து, பெண்கள் காலால் மிதித்துப் பதப்படுத்துவார்கள். பின்னர் ஓர் உருண்டையை எடுத்துக் கையாலேயே குடைந்து, உட்புறம் ஒரு கையைக் கொடுத்து, வெளிப்புறம் மரக்கட்டையால் தட்டிக்கொண்டே சுற்றிவருவார்கள். சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக இங்கே கையும் கலமும் மெல்லச் சுழல்கின்றன. சுவர் மெலிந்து, வயிறு உருண்டு, கழுத்து ஒடுங்கிப் பானை உருவாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வரலாற்றுக்கு முந்திய மக்கள் கலம் செய்த முறை இதற்கு மிக நெருங்கியது. ஆகவேதான் தொல்பொருள் அறிஞர்கள் இவ்வூரை ஆவலோடு நோக்குகிறார்கள்.

சூளைக்கு விறகு எங்கிருந்து வருகிறது? அதனையும் ஆறே கொண்டுவருகிறது. மழைக்காலத்தில் மலைகளிலிருந்து வேரோடு பெயர்ந்த மரங்கள் வெள்ளத்தில் மிதந்து வரும். துணிவுள்ள இளைஞர்கள் படகில் சென்று அவற்றை மடக்கிக் கரை சேர்ப்பார்கள். வெந்த பானைகள் வைக்கோல் மெத்தையில் அடுக்கப்பட்டுப் படகேறும். மேலே சதியா முதல் கீழே துப்ரி வரை, ஆற்றின் இருகரை ஊர்களிலும் அவற்றை விற்றுவரும் வழக்கம் இருந்தது. விலையாகக் காசைவிட நெல்லையே பெரிதும் பெற்றனர். குயவர்க்குச் சொந்த வயல் இல்லாவிடினும் வீட்டில் நெல் உண்டு. படகு கட்டும் கலையிலும் இவ்வூரார் தேர்ந்தவர். மண், விறகு, வழி, வாகனம் ஆகிய அனைத்தையும் ஒரே ஆறு தருவதைக் கவனியுங்கள். அலுமினியப் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் பெருகிய பின் இவ்வணிகம் சுருங்கிவிட்டது. எனினும் வழிபாட்டுக்கும், பால் தயிருக்கும், ஐப்பசியில் வரும் காத்தி பிஹு நாளன்று துளசியடியிலும் வயலிலும் ஏற்றும் அகல்களுக்கும் மண்கலமே வேண்டியிருக்கிறது.

அனைத்தையும் தரும் அதே ஆறுதான் ஊரை விழுங்கவும் செய்கிறது. இந்த இடத்தில் சிறிது நின்று, கரை எவ்வாறு விழுகிறது என்பதை விளங்கிக்கொள்வது நலம். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதே கரை மிகுதியாக இடியும் என்று நாம் நினைப்போம். உண்மையில், வெள்ளம் வடியும் காலமே மிகவும் அஞ்சத்தக்கது. நீர் நிறைந்து நிற்கும்பொழுது அதன் எடை கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்போதே கரைமண்ணுள்ளும் நீர் ஊறிவிடுகிறது. வெளியே நீர்மட்டம் விரைவாக இறங்கினால், தாங்கிய கை எடுபட்டது போலாகும். உள்ளே ஊறிய நீர் வெளியே கசியும்போது நுண்மணலையும் உடன் இழுத்துச் செல்லும். அடிப்பகுதி குடைபட, மேற்பகுதி வெடித்துப் பாளம் பாளமாகச் சரியும். வீட்டுக்குப் பின்னால் நேற்று நின்ற பாக்குமரம் இன்று தலைகீழாக நீரில் கிடக்கும். வெள்ளமாவது வயலில் வண்டலை விட்டுச்செல்லும்; சில வாரங்களில் நிலமும் திரும்பக் கிடைக்கும். அரிப்பில் போன நிலம் உடையவனுக்குத் திரும்புவதில்லை. பட்டா கையில் இருக்கும். பட்டாவில் குறித்த நிலம் ஆற்றின் அடியில் இருக்கும்.

இந்த ஆற்றின் சீற்றம் மிகுந்ததற்கு ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லலாம். அது 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15. நாடு விடுதலை நாளைக் கொண்டாடிய அன்று மாலை, 8.6 அளவுடைய நிலநடுக்கம் அஸ்ஸாமையும் அதன் வடகிழக்கு மலைகளையும் உலுக்கியது. மலைச்சரிவுகள் பெயர்ந்து ஆறுகளில் விழுந்தன. சுபன்சிரி ஆற்றில் விழுந்த மண் அணைபோல் நின்று நீரைத் தடுத்து, சில நாள்களில் உடைந்து, கீழுள்ள ஊர்களை அழித்தது. சரிந்த மண் ஆண்டாண்டாகப் பிரம்மபுத்திராவில் இறங்கியதால் ஆற்றுப்படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்தால் ஆறு ஆழமாக ஓடாமல் அகலமாக ஓடத் தலைப்படும். அகலத்துக்கு இடம் வேண்டுமாயின் கரையைத்தான் தின்ன வேண்டும். 1950 முதல் அஸ்ஸாம் மாநிலம் ஆற்றரிப்பால் இழந்த நிலம் 4.27 இலட்சம் ஹெக்டேர் என்பது மாநில நீர்வளத்துறையின் கணக்கு. மாஜுலியோ, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1,200 சதுரக் கிலோமீட்டர் அளவுக்குப் பரந்திருந்து, இன்று அதில் பாதிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 1,67,304 பேர்.

சால்மராவும் பலமுறை பின்வாங்கிய ஊரே. வீட்டின் மரச்சட்டங்களையும் தகரத்தையும் மூங்கிலையும் பிரித்தெடுத்துச் சற்று உள்ளே சென்று மீண்டும் கட்டிக்கொள்வது அவர்கட்குப் பழகிப்போனது. நம் ஊர்களில் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடே பெருமைக்குரியது. அங்கே அத்தகைய வீடு ஒருவகையில் பேதைமை. அதனைத் தோளில் தூக்கிச் செல்ல முடியாதன்றோ! சிறு குடிசைகள் வறுமையின் அடையாளம் என்று கூறிச் செல்வோர், அவற்றுள் ஒரு சூழ்ச்சித்திறனும் இருப்பதைக் காணத் தவறுகிறார்கள். வறுமை இல்லையென்று யான் சொல்லவில்லை. வறுமையும் உண்டு, அறிவும் உண்டு.

இப்போது வழக்கின் நடுவுக்கு வருகிறோம். மாஜுலியைக் காக்கும் பொறுப்பு 2004 முதல் மத்திய அரசின் பிரம்மபுத்திரா வாரியத்திடம் உள்ளது. பொறியாளர்கள் கரைநெடுகிலும் தடுப்புக் கரைகளை உயர்த்தினர். மணல் நிரப்பிய பெரும் பைகளை அடுக்கினர். கான்கிரீட் கால்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து ஆற்றில் இறக்கினர். இப்பிணைப்புகளை அவர்கள் முள்ளம்பன்றி என்று அழைப்பது பொருத்தமே; பார்வைக்கு அப்படித்தான் இருக்கின்றன. அவற்றிடையே புகும் நீரின் வேகம் தணியும். வேகம் தணிந்தால் சுமந்துவந்த வண்டல் படியும். நாளடைவில் அங்கே மணல்திட்டு உருவாகும். நன்று. ஆனால், கரையைக் காக்க வேண்டுமாயின் கரையில் எவரும் குழி தோண்டலாகாது என்றும் வாரியம் தடை விதித்தது. குயவர்க்கோ கரையிலன்றி வேறிடத்தில் அந்த மண் இல்லை.

இருதரப்பு வாதங்களையும் நடுநின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று ஆள் ஆழக் குழி, நீர் ஊறிய கரையை வலுவிழக்கச் செய்யும் என்று பொறியாளர் கூறுவது பொய்யன்று. தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் எடுத்த மண்ணையெல்லாம் சேர்த்தாலும், பேராறு ஒரே பருவத்தில் கொண்டுபோகும் மண்ணுக்கு ஈடாகாது என்று குயவர் கூறுவதும் பொய்யன்று. யான் கண்டு பேசிய முதியவர் ஒருவர், கரையைக் காப்பதாகச் சொல்லித் தங்கள் தொழிலை அழித்தால், காத்த கரையில் இருந்து என்ன செய்வது என்று வினவினார். அவர்பால் என் மனம் சாய்ந்தது என்பதை மறைக்கமாட்டேன். இன்ன இடத்தில், இன்ன காலத்தில், இவ்வளவு தோண்டலாம் என்று இருதரப்பும் கூடி வரையறுத்துக்கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாததன்று. மண்ணின் அடுக்குகளை அறிந்தவர்கள் இருவருமே. ஒருவர் கருவியால் அறிந்தவர், மற்றவர் கையால் அறிந்தவர்.

இவ்வாறு ஓயாமல் இடம் மாறும் ஊர், ஊராக நீடிப்பது எப்படி என்ற வினா உங்களுக்கு எழலாம். அதற்கு விடை நாம்கர் என்னும் கூடத்தில் இருக்கிறது. நாமம் பாடும் இல்லம் என்பது அதன் பொருள். 1449-இல் பிறந்து 1568-இல் மறைந்தவர் என்று மரபு கூறும் சங்கரதேவர், உருவ வழிபாட்டைவிடத் திருமாலின் நாமத்தைக் கூடியிருந்து பாடுவதையே முதன்மையாக வைத்தார். நாம்கரின் கிழக்குக் கோடியில் உள்ள பீடத்தில் சிலைக்குப் பதிலாகப் புனித நூலே வீற்றிருக்கும். பெரு முரசும் வெண்கலச் சேகண்டியும் முழங்க மக்கள் கூடிப் பாடுவர். அதே கூடத்தில் ஊர்ப் பொதுக்காரியம் பேசுவர், வழக்குத் தீர்ப்பர், நாடகம் ஆடுவர். கூடிய மக்கள் தொகுதியை 'ரைஜ்' என்பர். ஒரு நாம்கரைச் சேர்ந்த ரைஜ் எங்கே போய்க் குடியேறினாலும், அங்கே மீண்டும் அந்த நாம்கர் எழும். பழைய பெயரே ஊருக்கும் தொடரும். நிலம் போன பிறகும் ஊர் போகாதிருப்பது இதனால்தான்.

இதனைப் பெரிய அளவில் காட்டுபவை அத்தீவின் வைணவ மடங்கள். அவற்றைச் சத்திரம் என்கிறார்கள். வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டா. அஹோம் மன்னர் ஜயத்வஜ சிங்கர் காலத்தில், 1653-இல் நிறுவப்பட்ட ஆவுனியாட்டிச் சத்திரம் இன்றும் மாஜுலியில் உள்ளது. ஒரு காலத்தில் தீவில் அறுபதுக்கும் மேற்பட்ட சத்திரங்கள் இருந்தன. ஆற்றரிப்பால் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ தீவை விட்டு நிலப்பகுதிக்குப் பெயர்ந்துவிட்டன. மடம் பெயர்ந்தால் ஏட்டுச்சுவடியும் பெயர வேண்டும். ஆடலும் பாடலும் பெயர வேண்டும். இச்சத்திரங்களில் வளர்ந்த சத்ரியா ஆடலைச் சங்கீத நாடக அகாதெமி 2000-ஆம் ஆண்டில் நாட்டின் செவ்வியல் ஆடல்களுள் ஒன்றாக ஏற்றது. சாமகுரிச் சத்திரத்தில் நாடக முகமூடிகள் செய்வதைக் கண்டேன். மூங்கிற் பிளாச்சினால் கூடு பின்னி, களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி இராவணனையும் கருடனையும் படைக்கிறார்கள். அதற்கு வேண்டுவதும் குயவர் பயன்படுத்தும் அதே ஒட்டும் களிமண்ணே.

சால்மராவைச் சூழ்ந்த மக்கள் எல்லோரும் ஒரே குலத்தினர் அல்லர். தீவில் பெருந்தொகையினர் மிசிங் பழங்குடியினர். அவர்கள் வீட்டில் தம் மொழியையும் வெளியில் அஸ்ஸாமியத்தையும் பேசுவர். அவர்களது வீடு மூங்கிற் கால்களின்மேல் ஆள் உயரத்தில் நிற்கும். வெள்ளம் வந்தால் நீர் கீழே ஓடும், குடும்பம் மேலே இருக்கும். வெள்ளத்தோடு போட்டியிட்டு உயரும் நெல்வகை ஒன்றும் அங்கே உண்டு. அதற்கு 'பாவோ' என்று பெயர். இன்னொரு வகை அரிசியைச் சமைக்கவே வேண்டா. நீரில் ஊறவைத்தாற் போதும், சோறாக மென்மையாகிவிடும். தயிரும் வெல்லமும் சேர்த்து எனக்கு அதனை அளித்தார்கள். அடுப்பு மூட்ட உலர்ந்த இடமே இல்லாத நாள்களில் அதன் அருமை தெரியும்.

மாஜுலிக்கு எதிரே, ஜோர்ஹாட் பக்கத்தில் கோகிலாமுக் அருகே ஒரு மணல்திட்டு உள்ளது. ஜாதவ் பாயேங் என்ற மிசிங் மனிதர் 1979 முதல் தனியொருவராக அதில் மூங்கிலும் மரமும் நட்டு வந்தார். அது இன்று 500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடாக நிற்கிறது. யானைகளும் அங்கே வந்து செல்கின்றன. 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வேர்கள் மணலைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் செயலால் விளங்குகிறது. எனினும், பேராற்றின் முழு வேகமும் மோதும் செங்குத்தான கரையில் மரம் மட்டும் போதாது. பாக்குத்தோப்போடு கரை சரிவதை அங்கே கண்ணாரக் காணலாம்.

நிலமிழந்தோர் நிலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். வெள்ளம், புயல், நிலநடுக்கம் ஆகியவற்றுக்கு வழங்கும் மத்திய நிவாரண உதவி, ஆற்றரிப்புக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. மெல்லமெல்ல நேர்வதைப் பேரிடர் என்று எவ்வாறு கொள்வது என்பது அதிகாரிகளின் தயக்கம். பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கான தன் அறிக்கையில், அரிப்பைத் தடுப்பதற்கும் அதனால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்துவதற்கும் தனியே நிதி ஒதுக்கப் பரிந்துரைத்தது. அதற்கு முன்பே நிலமிழந்த குடும்பங்கள் பல, தடுப்புக் கரையின் மேலேயே குடிசை போட்டு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து வந்தன.

புவியியல் பயிலும் மாணவர்கள் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நில அளவைத் துறையார் வரைந்த மாஜுலிப் படம் ஒன்றையும், செயற்கைக்கோள் அண்மையில் எடுத்த படம் ஒன்றையும் உங்கள் கல்லூரி நூலகத்தின் துணையோடு தேடிப் பெறுங்கள். இரண்டையும் ஒரே அளவைக்குக் கொண்டுவந்து, மெல்லிய தாளில் கரையை மட்டும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கட்டத்தாளில் சதுரங்களை எண்ணினால் எவ்வளவு நிலம் போயிற்று என்பது தெரியும். தென்கரையில் தொடங்குங்கள். பழைய படத்தில் ஊரும் வயலுமாகக் குறித்த இடங்கள் பல, புதிய படத்தில் நீரும் மணலுமாக இருக்கும். அவ்வூர்களுட் சிலவற்றின் பெயர்கள், சில கிலோமீட்டர் தள்ளி, உள்நிலத்தில் மீண்டும் உங்கள் கண்ணுக்குத் தட்டுப்படக்கூடும்.